அணை இல்லாத ஆத்தோட அஞ்சு நாள்

ஊர் திரும்பி நாலு நாள் ஆச்சு, இன்னும் கெண்டக்கால் வலி போகல. அப்பாவோட செருப்பு அடில ஒட்டுன செம்மண்ணும் போகல. அங்க இருந்தப்ப ராத்திரி ராத்திரி போன்ல தட்டி வச்ச குறிப்பு இது, கொஞ்சம் சரி பண்ணி நாள் வாரியா போடுறேன்.

எதுக்கு போனோம்னு மொதல்ல சொல்லிடுறேன். பெங்களூர்ல என்கூட வேலை பாக்குற, கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்து சிர்சிக்காரப் பொண்ணு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல "எங்க ஊர் ஆத்துல ஒரு அணை கூட கிடையாது"ன்னு பேச்சுவாக்குல சொன்னா. அகநாசினினு பேரு, சிர்சில பொறந்து சுமார் 120 கிலோமீட்டர் ஓடி கும்டா பக்கத்துல அரபிக்கடல்ல கலக்குது. நான் மேட்டூர்ல பொறந்து வளந்தவ. அப்பா பொதுப்பணித்துறைல லஸ்கரா, அதாவது மதகு தொறந்து மூடுற ஆளா இருந்து ரிட்டையர் ஆனவரு, பாதி வாழ்க்கை அணை மேலயும் மதகுகிட்டயும்தான் போச்சு. இன்னைக்கும் காலைல எந்திரிச்சதும் மொதல் வேலை நீர்மட்டம் எவ்ளோ, வரத்து எவ்ளோ, திறப்பு எவ்ளோனு பாக்கறது. அணையே இல்லாத ஆறுனதும் "அதெப்படி கண்ணு, யாரும் கட்டலயா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாரு. அம்மாவுக்கு பஸ்ஸே ஆகாது, வரலன்னுட்டாங்க. அப்பாவும் நானும் மட்டும் கெளம்புனோம்.

நவம்பர் 8, சனி. சிர்சி

காலைல ஆறு மணிக்கு பஸ் எறக்கி விட்டப்ப நல்ல மழை. நவம்பர்ல இவ்ளோ மழை வரும்னு நான் நெனைக்கல, ஒரு குடைதான் எடுத்துட்டு போயிருந்தோம், பஸ் ஸ்டாண்டு எதிர்ல இன்னொண்ணு 280 ரூபாய்க்கு வாங்குனோம். டீ 15 ரூபா. கூடவே பன்ஸ்னு ஒண்ணு குடுத்தாங்க, வாழப்பழம் போட்டு பெசஞ்சு பூரி மாதிரி பொரிச்சது, லேசா இனிப்பு, உள்ள பஞ்சு மாதிரி. அப்பா மூணு சாப்பிட்டாரு.

மழை விட்டதும் மொதல்ல போனது சங்கர ஹொண்டா. ஹொண்டான்னா குளம். ஆத்தோட ரெண்டு ஊத்துல ஒண்ணு இதுதான்னு சொல்றாங்க, இன்னொண்ணு மஞ்சுகுணி பக்கம், ரெண்டும் கீழ ஒரு எடத்துல ஒண்ணு சேருது. ஊருக்கு நடுவுல வீடு கடைக்கு பக்கத்துல இருக்கற சின்ன குளம், நம்ம ஊர் கோயில் தெப்பக்குளம் அளவு கூட வராது. அப்பா கரைல நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. "இங்க இருந்தா ஆறு வருது?" அப்படின்னாரு. காவிரிய அவரு பாக்கும்போதே அது பெரிய ஆறுதானே, பொறக்குற எடத்த அவரு பாத்ததில்ல.

மாரிகாம்பா கோயிலுக்கும் போனோம், 1688ல கட்டுனது. நம்ம மாரியம்மன்தான், ரத்தச் செவப்புல ஏழடி உயரம், அத்தனை கையோட நிக்கிறா. பக்கத்துல நின்ன பாட்டி ஒருத்தங்க நாங்க தமிழ்ல பேசறத கேட்டுட்டு "தமிழ்நாடா? அங்கயும் மாரியம்மா இருக்காளா?"ன்னு கன்னடத்துல கேட்டாங்க. எனக்கு தெரிஞ்ச பெங்களூர் கன்னடத்துல, எங்க ஊர்ல தெருவுக்கு ஒருத்தி இருக்கான்னு சொன்னேன். அவங்களுக்கு அவ்ளோ சந்தோஷம், தன் கைல இருந்த பூவ கிள்ளி என் தலைல வச்சு விட்டாங்க.

மத்தியானம் சாப்பாட்டுல தம்புளி ஊத்துனாங்க. கீரைய வதக்கி தேங்காயோட அரைச்சு மோர்ல கலக்கறது, சூடு பண்றதில்ல, பச்சையா சோத்துல ஊத்திக்கறது. அப்புறம் அப்பெ ஹுளி, ஒரு வாசன மாவடுல பண்ண தண்ணி ரசம், அத டம்ளர்லயே குடிக்கறாங்க. சாப்பாடு 110 ரூபா, எத்தன தடவ கேட்டாலும் போடுறாங்க. இன்னொரு டம்ளர் வேணுமான்னு கேட்டப்ப அப்பா வாயத் தொறக்கல, டம்ளர மட்டும் நீட்டுனாரு.

சாயங்காலம் சந்தைல ஒரு அம்மா தொடதேவு சுட்டுட்டு இருந்தாங்க. இத நேர்ல பாக்கணும். மண்பானைய அடுப்புல கவுத்துப் போட்டு, கரும்புச்சாறும் அரிசிமாவும் கலந்த மாவுல துணிய முக்கி, பானை முதுகுல ஒரே இழுப்பு. தாள் மாதிரி ஒரு படலம் ஒட்டும். அத ஓரத்துல கிள்ளி எடுத்து, நெய் தடவி, பானை மேலயே முக்கோணமா மடிச்சு எடுக்கறாங்க. மடிக்க ரெண்டு நொடி தாமதமானா ஒடஞ்சு போகுது. அந்தம்மா கைல ஒண்ணு கூட ஒடயல. பத்து 120 ரூபா, அம்மாவுக்கு ஒரு டப்பா வாங்கிக்கிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு. உஞ்சள்ளி

வாடகை கார், நாள் முழுக்க 3200 ரூபா. டிரைவர் தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், காட்டுல ஒவ்வொரு மரத்துக்கும் பேர் சொல்றான். சிர்சில இருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல, பாக்கு தோட்டம், நெல்லு, மறுபடியும் காடு, அப்படியே மாறி மாறி வருது. பாக்கு மரத்து மேல மிளகு கொடி, கீழ ஏலக்கா. பாக்குக் குலைக்கு மழைல அழுகல் வராம இருக்க மருந்து அடிக்க ஆளுங்க மரத்துக்கு மரம் மேலயே தாவிப் போவாங்களாம், கீழ எறங்காமயே. அவங்க அப்பா அந்த வேலதான் பாக்கறாருன்னு தம்பி சொன்னான்.

ஹெக்கர்ணெங்கற ஊர் தாண்டி கொஞ்ச தூரம் காட்டுக்குள்ள நடக்கணும், அப்புறம் படி. நடக்க ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல அட்ட ஏறிடுச்சு. மழைக்காலம் முடிஞ்சா அட்ட இருக்காதுன்னு நெட்ல போட்டிருந்தத நம்பி நான் உப்பும் எடுத்துட்டு போகல, புகையிலயும் எடுத்துட்டு போகல. அப்பா கால்ல நாலு, எனக்கு ரெண்டு. தம்பிதான் சட்டைப்பைல இருந்து சுண்ணாம்பு டப்பாவ எடுத்து ஒவ்வொண்ணு மேலயும் தொட்டு வச்சான், பொத்துனு விழுந்துடுச்சு. இந்தப் பக்கம் போறவங்க நவம்பர் கடைசி வரைக்கும் சுண்ணாம்பு கைல வச்சுக்கோங்க.

அருவி கண்ணுக்கு தெரியறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுது. உள்ளூர்ல இதுக்கு கெப்ப ஜோகனு பேரு, கெப்பன்னா செவிடு, இந்த சத்தத்துல காது அடச்சுப் போயிடும்னு. 116 மீட்டர் உயரம். 1845ல லஷிங்டன்னு ஒரு வெள்ளக்கார கலெக்டர் பாத்து எழுதி வச்சதால லஷிங்டன் அருவினும் ஒரு பேரு இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்து இந்த ஊர்க்காரங்க செவிடா ஆகிட்டுதான் இருந்திருப்பாங்க. கடைசி படில நின்னா எதிர்ல முழுசா தெரியுது. பாறைல அகலமா வந்து, விளிம்புல கொஞ்சம் சறுக்கி, அப்படியே விழுது. பாதிக்கு மேல புகை. அந்தப் புகை நம்ம மூஞ்சிக்கு வந்து கண்ணாடி, போன் எல்லாம் நனஞ்சு போச்சு.

அப்பா கம்பிய புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கண்ண சுருக்கி பாத்தாரு. எனக்கு தெரியும் அவரு என்ன பண்றாருன்னு.

"முந்நூறு நானூறு கன அடி வரும் பாப்பா" அப்படின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்புட்டும் வீணா கடலுக்குத்தான் போகுதா?"

வீணா கடல்ல கலக்குது. இந்த வார்த்தைய கேக்காம நான் வளரல. ஆடி மாசம் அணை நெரம்பி பதினாறு கண் மதகு தொறந்தா டிவிலயும் அதுதான், பேப்பர்லயும் அதுதான், வீட்லயும் அதுதான். அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல, "ஆமாப்பா, கடலுக்குத்தான்"னு மட்டும் சொன்னேன்.

ராத்திரி தங்குனது பாக்கு தோட்டத்துக்குள்ள ஒரு வீட்ல, ரெண்டு பேருக்கு சாப்பாட்டோட 2400. போனதும் வீட்டுக்காரம்மா "ஆசரிக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. ஆசரின்னா தாகமாம். தாகத்துக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுதான் யாரு, எங்கிருந்து வரீங்கன்னே கேக்கறாங்க. ஒரு துண்டு வெல்லமும் செம்புல தண்ணியும் வந்துச்சு, அப்புறம் கஷாயம், மல்லி சீரகம் எல்லாம் வறுத்து பொடிச்சு பால்ல போட்டது.

அவங்க வீட்டுக்காரர் அப்பாகிட்ட ஊர் கேட்டாரு. மேட்டூர்னு நான் சொன்னதும் "காவேரி?"ன்னாரு. எனக்கு நெஞ்சு லேசா படபடன்னுச்சு, இந்த பேச்சு எங்க போய் முடியும்னு பெங்களூர்ல பத்து வருஷமா பாத்துட்டு இருக்கேன்ல. அவரு கேட்டது "இந்த வருஷம் உங்களுக்கு தண்ணி வந்து சேந்துச்சா?" அவ்ளோதான். நெறஞ்சுச்சுனு அப்பா சொன்னதும் "நல்லது நல்லது"ன்னு சொல்லிட்டு வெத்தல தட்ட நகத்தி வச்சாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் எனக்கு வேலையே வைக்கல. அவரு கன்னடத்துல, அப்பா தமிழ்ல, மழை, பாக்கு வெல, முட்டி வலின்னு பத்து மணி வரைக்கும் ஓடுச்சு.

அவரு சொன்னதுல ஒரு விஷயம் முக்கியமானது. இந்த ஆத்துல அணை இல்லாதது தானா அமஞ்சது கிடையாது. மின்சாரத்துக்கு அணை கட்ட திட்டம் வந்துச்சு, கீழ தடடில 4000 மெகாவாட் அனல் மின் நிலையம் வர இருந்துச்சு, ஜனங்க எதுத்து நின்னு எல்லாம் நின்னு போச்சு. இப்ப தண்ணிய கிழக்க வேதாவதி ஆத்துக்கு திருப்பற பேச்சு நடக்குது, அதுக்கும் எதிர்ப்பு இருக்கு. 1983ல மரம் வெட்ட வந்தப்ப இதே சிர்சி பக்கத்து கிராமத்து ஜனங்கதான் மரத்த கட்டிப் புடிச்சு நின்னாங்க, அப்பிக்கோ இயக்கம்னு பேரு. அப்பிக்கோன்னா கட்டிக்கோன்னு அர்த்தம். 4000 மெகாவாட்னதும் அப்பா நிமிந்து பாத்தாரு, எங்க ஊர்லயும் அனல் மின் நிலையம் இருக்கு, அது எவ்ளோ எடம் புடிக்கும், எவ்ளோ தண்ணி குடிக்கும்னு அவருக்கு தெரியும்.

நவம்பர் 10, திங்கள். யாணா, விபூதி அருவி, அப்புறம் மலை ரோடு

இங்க ஒரு பழமொழி இருக்கு, "சொக்கித்தவ யாணக்கே, ரொக்கித்தவ கோகர்ணக்கே." கொழுப்பு இருக்கறவன் யாணாவுக்குப் போ, துட்டு இருக்கறவன் கோகர்ணத்துக்குப் போ. அந்தக் காலத்துல யாணாவுக்கு அவ்ளோ கஷ்டப்பட்டு நடக்கணுமாம். இப்ப கிட்டக்க வரைக்கும் வண்டி போகுது, அதுக்கப்புறம் கொஞ்சம் நடையும் படியும்தான். ஆனா அப்பாவுக்கு இடது முட்டி ஒத்துழைக்கல, பத்து படிக்கு ஒரு தடவ உக்காந்து உக்காந்து ஏறுனாரு.

சுத்தி அவ்ளோ பச்சை, அதுக்கு நடுவுல திடீர்னு கரிக்கட்டை மாதிரி ரெண்டு பாறை எந்திரிச்சு நிக்குது. பெருசு பைரவேஸ்வர சிகரம், 120 மீட்டர். சின்னது மோகினி சிகரம், 90 மீட்டர். சுண்ணாம்புப் பாறைதான், மழை கரைச்சு கரைச்சு விளிம்பெல்லாம் கத்தி மாதிரி ஆகியிருக்கு. பஸ்மாசுரன் கதை தெரியும்ல, யார் தலைல கை வச்சாலும் சாம்பலாகணும்னு சிவன்கிட்ட வரம் வாங்கிட்டு அவரு தலைலயே கை வைக்க தொரத்துனவன். மோகினி ஆடி ஆடி அவன் கைய அவன் தலைலயே வைக்க வச்ச எடம் இதுன்னு சொல்றாங்க. மண்ணு கருப்பா இருக்கறது அவன் சாம்பலாலயாம்.

பெரிய பாறைக்கு அடில குகைல லிங்கம், மேல பாறைல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. செருப்ப கழட்டிட்டு பாறை பொளவுக்குள்ள பூந்து சுத்தி வரலாம். உள்ள ஜில்லுனு இருட்டு, அண்ணாந்து பாத்தா ஒரு கோடு அளவுக்கு வானம், தேன்கூடு பெருசு பெருசா தொங்குது. காலேஜ் பசங்க ஒரு கூட்டம் எதிரொலி கேக்கறதுக்கு கத்திக்கிட்டே வந்தாங்க. அங்க இருந்த பூசாரி மேல கைய காட்டுனாரு, ஒரு வார்த்தை சொல்லல. பசங்க பாத்துட்டு அப்படியே வாய மூடிக்கிட்டாங்க.

விபூதி அருவி அங்க இருந்து கொஞ்ச தூரம். இது சின்ன அருவிதான், முப்பதடி இருக்கலாம். ஆனா எனக்கு உஞ்சள்ளிய விட இது பிடிச்சுது. தண்ணி படிப்படியா சுண்ணாம்புப் பாறை மேல வழிஞ்சு கீழ ஒரு பச்சைக் குட்டைல விழுது, எறங்கி நிக்கலாம். அப்பா வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு முட்டி வரைக்கும் தண்ணில வச்சு அரை மணி நேரம் உக்காந்தாரு. வலி பாதி போச்சுன்னாரு. வெளிய வந்து பெட்டிக்கடைல கோக்கம்னு ஒரு புளிப்புப் பழத்துல போட்ட சர்பத், 30 ரூபா, புளிப்பும் உப்புமா அந்த புழுக்கத்துக்கு அமிர்தம் மாதிரி எறங்குச்சு.

அதுக்கப்புறம்தான் நாள் கெட்டுச்சு. கும்டா போற தேவிமனை மலை ரோட்ல அகலப்படுத்துற வேலை, ஒரு பக்கம் மண்ணு சரிஞ்சு கெடக்கு, ஒத்த வழிதான் விடறாங்க. அதுல ஒரு லாரி வளைவுல மாட்டிக்கிச்சு. மூணேகால் மணி நேரம் நின்னோம். ஏ.சி போட்டா டீசல், கண்ணாடிய எறக்குனா தூசி, போன்ல டவர் இல்ல. மேல வெட்டுன மலை செவப்பா பச்சப் புண்ணு மாதிரி நிக்குது. டிரைவர் தம்பி அடிக்கடி அத நிமிந்து பாத்துட்டே இருந்தான். 2024 ஜூலைல அங்கோலா பக்கம் ஷிரூர்ல இப்படித்தான் ரோட்டுக்கு வெட்டுன மலை மழைல சரிஞ்சு, டீக்கடை, அதுல இருந்த குடும்பம், நின்ன லாரி எல்லாத்தையும் கங்காவளி ஆத்துக்குள்ள தள்ளிடுச்சு. செத்ததுல தமிழ்நாட்டு டேங்கர் லாரி டிரைவருங்களும் உண்டு. அப்பாகிட்ட அத சொன்னதும் அவரு வண்டிய விட்டு எறங்கி கொஞ்சம் முன்னாடி பாறை இருக்கற பக்கமா போய் நின்னுக்கிட்டாரு, என்னையும் கூப்பிட்டு நிக்க வச்சாரு.

முன்னாடி நின்ன பஸ்ல இருந்து ஒரு அக்கா எறங்கி வந்து, ஒண்ணும் கேக்காம, வாழ இலைல சுத்துன கடுபு ரெண்டு அப்பா கைல வச்சாங்க. பெரியவரு பசியா இருப்பாருன்னு சொன்னாங்க. அவங்க கூட ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சு, அதுங்களுக்குன்னு கட்டிட்டு வந்ததுதான் அது. நாங்க எங்க முறுக்கு பொட்டலத்த பிள்ளைங்களுக்கு குடுத்தோம். கும்டா வந்து சேர ராத்திரி ஒம்போது. தங்கற எடத்துல புக் பண்ண ரூம வேற யாருக்கோ குடுத்துட்டாங்க, பின்பக்கம் ஃபேன் கடகடன்னு சத்தம் போடுற ரூம்தான் கெடச்சுது, காச கொறைக்கவும் மாட்டேன்னுட்டாங்க. சண்ட போட தெம்பில்ல, படுத்துட்டோம்.

நவம்பர் 11, செவ்வாய். மிர்ஜான், அப்புறம் ஒரு மதகு

பஸ்ல கண்டக்டர் ஆதார் கேட்டாரு. கர்நாடகால அரசு பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு இல்ல, ஆனா கர்நாடகா முகவரி இருக்கணும், என் ஆதார்ல இன்னும் மேட்டூர்தான். பின்னாடி சீட்டுல இருந்த பாட்டி "பாவம் விடுப்பா"ன்னு எனக்காக கண்டக்டர்கிட்ட கேட்டாங்க. காசு குடுத்தே டிக்கெட் எடுத்தேன், அந்தப் பாட்டி எறங்கற வரைக்கும் வருத்தப்பட்டாங்க.

மிர்ஜான் கோட்டை ஹைவேல இருந்து கிட்டக்கதான். செம்புரைக்கல்லுல கட்டுனது, மழை முடிஞ்ச இந்த மாசத்துல சுவரு பூரா புல்லும் பாசியும் மூடி, கல்லே தெரியாம பச்சையா நிக்குது. கெர்சொப்பா ராணி சென்னபைராதேவி காலத்துல இங்கிருந்துதான் மிளகு கப்பல் ஏறுச்சு. போர்ச்சுகீசியங்க அவங்களுக்கு மிளகு ராணின்னே பேர் வச்சிருந்தாங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆண்டவங்க. நேத்து முந்தாநேத்து பாத்த தோட்டத்து மிளகெல்லாம் இந்த ஆத்து வழியாதானே எறங்கி வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். கோட்டைக்குள்ள கிணறு நெறைய இருக்கு, பாத்து நடங்க, புல்லு மறைச்சிருக்கு.

மத்தியானம் மீன் சாப்பாடு 170 ரூபா. கிழங்கான ரவைல பொரட்டி பொரிச்சது, செவப்பு புழுங்கலரிசி சோறு, கோக்கம் போட்ட மீன் கொழம்பு. நம்ம ஊர் புளிக்கொழம்பு மாதிரி நாக்க இழுக்காது, மெதுவா வரும். வியர்வை மட்டும் நிக்கவே இல்ல, மேல சிர்சில போர்வை கேட்ட ஒடம்பு இங்க ரெண்டு மணிக்கு கரைஞ்சு ஓடுது.

சாப்பிட்டு ஆட்டோ புடிச்சு மாணிக்கட்டா பக்கம் போனோம், போக வர 500. இங்க ஆறு அகலமாகி, கடல் தண்ணி ஏறி எறங்கற நெலத்துல ஒரு நெல்லு வெளையுது. நெல்லுக்கு கக்கனு பேரு, அந்த மாதிரி நெலத்துக்கு கஜனினு பேரு. உப்பத் தாங்கும், வெள்ளத்துல முழுகுனாலும் தாங்கும், ஒரம் போடறதில்ல. மழை வந்து நெலத்து உப்ப கழுவுனதுக்கு அப்புறம் வெதைக்கறது, ஆத்து தண்ணி கொண்டு வந்து போடுற வண்டல்தான் எரு. அறுத்து முடிச்சு உப்புத்தண்ணிய உள்ள விட்டா எறாலும் மீனும். எங்க பெரியம்மா கட்டிக்கிட்டு போன நாகப்பட்டினம் பக்கம் குழியடிச்சான்னு உப்பு தாங்கற நெல்லு உண்டு, அது ஞாபகம் வந்துச்சு. நாங்க போனப்ப பாதி அறுத்தாச்சு, மீதி தலை சாஞ்சு கெடந்துச்சு, கதிர் கருஞ்செவப்பா இருந்துச்சு.

கரை மேல நடந்து போறப்ப அப்பா சட்டுனு நின்னுட்டாரு. கரைல ஒரு சின்ன மதகு. ரெண்டு பக்கம் கல்லு, நடுவுல காடி வெட்டி மரப்பலகைய ஒண்ணு மேல ஒண்ணு எறக்கியிருக்காங்க, இடுக்குல சேறு பூசி. அப்பா எறங்கிப் போய் குத்தவச்சு உக்காந்துட்டாரு. பலகைக்கும் காடிக்கும் நடுவுல ஆள்காட்டி விரல விட்டு பாத்தாரு, தண்ணி எங்க கசியுதுன்னு மேல இருந்து கீழ வரைக்கும் தடவுனாரு, ஒரு எடத்துல விரல் நனஞ்சதும் கைல கொஞ்சம் சேற எடுத்து அப்பி அமுக்குனாரு. வேற யாரோட மதகுன்னு கூட யோசிக்கல.

பக்கத்து வயல்ல இருந்த பெரியவரு ஒருத்தர் வந்துட்டாரு. நான் பதறிப்போய் மன்னிப்பு கேக்கறதுக்குள்ள அவரும் குத்தவச்சு உக்காந்து அதே எடத்துல இன்னொரு கை சேறு அப்புனாரு. எங்கப்பாவும் இந்த வேலதான் பாத்தாருன்னு நான் சொன்னேன், எவ்ளோ பெரிய கதவுன்னு கேட்டாரு. மேட்டூர் அணைல 120 அடி தண்ணி நிக்கும்னு சொன்னதும் ரெண்டு கையும் தூக்கி கும்பிட்டாரு. அப்புறம் அவரு வேலைய சொன்னாரு. வத்தம், அதாவது கடல் தண்ணி எறங்கறப்ப பலகைய தூக்கி வயல் தண்ணிய வெளிய விடணும், ஏத்தம், அதாவது தண்ணி ஏற ஆரம்பிக்கறதுக்குள்ள எறக்கிடணும், இல்லாட்டி உப்பு ஏறிடும். "ராத்திரி ரெண்டு மணிக்கு ஏத்தம்னா?"ன்னு அப்பா கேட்டாரு. ரெண்டு மணிக்குதான் வருவேன்னாரு. அப்பா தலையாட்டுனது இன்னும் கண்ணுல நிக்குது. அவரும் எத்தன மழை ராத்திரி டார்ச்சு எடுத்துட்டு போயிருப்பாரு.

நவம்பர் 12, புதன். தடடி, அகநாசினி

கடைசி நாள். கோகர்ணம், ஓம் பீச்செல்லாம் பக்கத்துலயே இருக்கு, ஆனா கூட்டம் போற எடத்துக்கு இப்ப போகத் தோணல. தடடில இருந்து அக்கரைல இருக்கற அகநாசினி கிராமத்துக்கு படகு போகுது, ஊருக்கும் ஆத்து பேருதான். பைக்கையும் ஏத்திக்கிட்டு, பள்ளிக்கூட பிள்ளைங்க, மீன் கூடை எல்லாம் சேத்து ஒரே படகு. ஆளுக்கு 20 ரூபா வாங்குனாங்க.

வத்தம் நேரம். ஆத்துக்கு நடுவுல மணல் திட்டு வெளிய வந்து கெடக்கு, அதச் சுத்தி நூறு பேருக்கு மேல இருப்பாங்க, ஆம்பள பொம்பள, இடுப்பளவு தண்ணில குனிஞ்சு குனிஞ்சு மட்டி எடுத்துட்டு இருந்தாங்க. எங்க பக்கத்துல ஒரு சின்ன தோணிய ஒட்டி தண்ணில நின்ன ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், தலைல துண்டு கட்டி, காலாலயே சேத்த தடவுறாங்க. கட்டவிரல்ல தட்டுப்பட்டதும் முழுகி கைல எடுத்து தோணிக்குள்ள போடுறாங்க. கால், கை, தோணி, கால், கை, தோணி. ஒரு மணி நேரத்துல தோணி அடி மூடுற அளவுக்கு சேந்துடுச்சு. படகுக்காரர் சொன்னாரு, மேல இருந்து நல்ல தண்ணி வரணும், கீழ இருந்து உப்புத் தண்ணி வரணும், ரெண்டும் கலந்தாதான் மட்டி. மழை கொறஞ்சு மேல இருந்து தண்ணி வரலன்னா உப்பு ஏறி செத்துடும். சுத்தி இருக்கற ஊருல ஆயிரக்கணக்கான குடும்பம் இதுலதான் சாப்பிடுதாம்.

இந்தக் கழிமுகத்த 2024 ஜனவரி கடைசியில ராம்சார் எடமா, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமா அறிவிச்சிருக்காங்க. அதே அறிவிப்புலதான் நம்ம அரியலூர் கரைவெட்டியும் கோத்தகிரி லாங்வுட் சோலையும் வந்துச்சு.

நான் இதெல்லாம் அப்பாவுக்கு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். அவரு திரும்பாம தண்ணியவே பாத்துட்டு இருந்தாரு. நல்ல தண்ணி பழுப்பா ஒரு பக்கம், கடல் தண்ணி பச்சையா ஒரு பக்கம், நடுவுல நுரை கோடு மாதிரி ஓடுது. மொத நாள் குளத்துல பாத்த தண்ணி, உஞ்சள்ளில கண்ணாடில தெறிச்ச தண்ணி, எதுவும் எங்கயும் நிக்காம இங்க வந்திருக்கு. இந்தத் தடவ கன அடி கணக்கு அவரு சொல்லல.

அக்கரைல எறங்குனா அந்தம்மா தோணிய இழுத்து கரைல கொட்டி கூறு போட ஆரம்பிச்சிருந்தாங்க. கூறு 100 ரூபா. நம்ம சமைக்க எங்க போறதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அப்பா காச நீட்டிட்டாரு. அவங்க கூறுக்கு மேல ரெண்டு கை அள்ளிப் போட்டு, எங்க தங்கியிருக்கீங்கன்னு கேட்டு, எங்கயும் இல்லன்னதும் அவங்க தங்கச்சி நடத்துற கடைக்கு கூட்டிட்டு போனாங்க. தேங்கா, வத்தல் மிளகா, கோக்கம் போட்டு சுக்காவா வதக்கி குடுத்தாங்க. சமைச்ச கூலி 60 ரூபா, சோறு தனியா 40. ஓட்டைத் தொறந்தா நுனி விரல் அளவு சதை, கடல் உப்பு அதுலயே இருக்கு. அப்பா ஓட்ட எல்லாம் எண்ணி இலை ஓரத்துல வரிசையா அடுக்குனாரு. அறுபத்தி மூணு.

பெங்களூர் பஸ் ஒன்றரை மணி நேரம் லேட். கும்டா பஸ் ஸ்டாண்டுல கொசுக்கடில உக்காந்திருந்தப்ப மேட்டூர்ல இருந்து அவரு கூட வேலை பாத்த மாமா போன் பண்ணாரு, தெனமும் பண்றவருதான், நீர்மட்டம் சொல்றதுக்கு. அப்பா அத கேட்டுட்டு, ம்ம்னுட்டு, "நான் இங்க ஆறு கடல்ல சேர்ற எடத்துல நின்னேன்பா"ன்னாரு. அந்தப் பக்கம் மாமா சத்தமா "தண்ணி நெறைய வீணாப் போகுதா?"ன்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தம்மா கட்டவிரல்ல மட்டி தேடுனத ஆரம்பிச்சு, கூறு நூறு ரூபா, ரெண்டு கை கொசுறு, தங்கச்சி கடை, அறுபத்தி மூணு ஓடுன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே இருந்தாரு, பஸ் வந்து நான் பைய தூக்குற வரைக்கும்.